விரால் பசிக்குக் கடிப்பதில்லை

நூம்பல் ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால், ஒருவன் முனியன், மற்றவன் ஆனந்தன் என்று அங்கே மேயும் எருமைகூடச் சொல்லிவிடும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம் அது. இருவரும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே தொழிற்சாலைக்கு ஒரே பைக்கில் போய் வருபவர்கள். முனியனுக்கு லேத் வேலை. ஆனந்தனுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவு. தொழிற்சாலையில் இருவரும் சமம். ஏரிக்கரையில் அப்படியில்லை. அங்கே முனியன் சொல்வான், ஆனந்தன் செய்வான்.

"இன்னா மாட்டட்டும் மச்சான்?" என்று ஆனந்தன் கேட்பான். முனியன் வானத்தைப் பார்ப்பான், தண்ணீரைப் பார்ப்பான், பிறகு டப்பாவைத் திறந்து ஒரு ரப்பர் தவளையை எடுத்துக் கொடுப்பான். உயிருள்ள தவளையைக் கொக்கியில் குத்திய காலம் போய்விட்டது. இப்போது லூர் என்று சொல்லப்படும் பொய் இரைதான். அந்த ரப்பர் தவளையை நீர்க்களைமேல் தத்தித் தத்தி இழுத்து வந்தால், அடியில் கிடக்கும் விரால் எழுந்து வந்து அறையும்.

"பசிக்குக் கடிக்குதுனு நெனைக்காத. வயிறு ரொம்பின விராலும் கடிக்கும். 'என் எடத்துல நீ யார்ரா?'ன்னு கடிக்குது. பக்கத்துல இன்னொருத்தன் வந்தா அதுக்கு ஆவாது," என்று முனியன் விளக்குவான். ஆனந்தன் அதை முதல் தடவை கேட்பவனைப் போலத் தலையாட்டுவான். வாரம் முழுவதும் சூப்பர்வைசரின் ஏச்சையும் இரும்புத் தூளையும் தின்றவனுக்கு அந்தத் தலையாட்டல்தான் விருந்து.

அந்த விருந்தில் மண் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து தமிழரசு என்று ஒருவன் கரைக்கு வந்து சேர்ந்தான். முதுகில் ஏழெட்டு ஜிப் வைத்த பை. கண்ணில் நீரின் பளபளப்பை மறைக்கும் கண்ணாடி. கையில் கன்னங்கரேலென்று ஒரு தூண்டில் ராடு. காற்றில் ஒருமுறை அதை ஆட்டினால் சாட்டை வீசியதைப்போல ஓசை எழுந்தது.

"அமெரிக்காவுல பாஸ்னு ஒரு மீன் இருக்கு அண்ணே, அதைப் பிடிக்கறதுக்காகச் செஞ்ச ராடு இது. நம்ம விராலுக்கும் அதே குணம்தான். களைக்குள்ள பதுங்கும், ஆத்திரத்துல அடிக்கும்," என்று அவன் பணிவாகத்தான் சொன்னான். அவனிடம் கொஞ்சம் ஆணவம் இருந்திருந்தால் முனியனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

முனியனின் ராடு பழையது. கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தான். நூல் சுற்றும் ரீலுக்குள் தேய்ந்துபோன வாஷருக்குப் பதிலாகத் தானே லேத்தில் ஒன்றைக் கடைந்து போட்டிருந்தான். முந்தைய நாள் வரைக்கும் அவையெல்லாம் அவனுக்குப் பெருமை. அன்று முதல் அந்த டியூப் உள்ளங்கையில் பிசுபிசுத்தது.

மூன்றாவது வாரம் ஆனந்தன் தன் நூல் முனையைக் கையில் பிடித்தபடி, முனியனைத் தாண்டி அந்தப் பக்கம் திரும்பி, "இன்னா மாட்டலாம் தமிழு?" என்று கேட்டான்.

ஒரு கேள்விதான். அதைக் கேட்டவன் கேட்டவுடன் மறந்துவிட்டான். முனியனுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. சோற்று உருண்டை விழுங்கியும் இறங்காத முள்.

அதற்கப்புறம் பைக்கில் போகும்போதெல்லாம் தமிழரசு புராணம்தான். "தமிழு சொல்றாரு, மழைக்கி முன்னாடி மீனு மேல வருமாம்." இதை முனியன் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறான். "தமிழு சொல்றாரு, கலங்கின தண்ணில கறுப்புத் தவளைதான் எடுக்குமாம்." இதுவும் முனியன் சொன்னதே. ஒருநாள் வேலப்பன்சாவடியில் எண்ணத் தொடங்கி, அம்பத்தூர் கம்பெனி வாசல் வருவதற்குள் பதினேழு 'தமிழு' எண்ணி முடித்தான் முனியன்.

"இன்னா மச்சான், பின்னாடி கம்முனு கீற?"

"தூசு. வாயத் தொறந்தா உள்ள போது."

இப்படியிருக்கும்போது ஒரு போட்டி அறிவிப்பு வந்தது. நூம்பலுக்கு அப்பால் வரலட்சுமி என்பவருக்கு ஒரு மீன் குளம் உண்டு. போட்டி அங்கேதான். பரம்பரை விவசாயக் குடும்பம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பி நிலத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும், நெல்லை விட்டுவிட்டு மீனைப் பிடித்துக்கொண்டவர். லூர் மட்டும் போட்டு விரால் பிடிக்க வேண்டும். எடை பார்த்ததும் உயிரோடு திரும்ப விட்டுவிட வேண்டும். ஜோடி ஜோடியாகத்தான் கலந்துகொள்ளலாம். ஒரு ஜோடிக்கு ஒரே ராடு. அரை மணிக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்ள வேண்டும்.

"போட்டிக்குப் பேரு குட்த்துட்டேன் மச்சான்," என்று ஆனந்தன் வானகரம் சிக்னலில், லாரிகளின் ஹாரன் நடுவே கத்தினான். "புது ராடு ஒண்ணு எடுக்கணும். நீ வந்து பொறுக்கிக் குடு."

யாரோடு பெயர் கொடுத்தான் என்று அவன் சொல்லவில்லை. அன்று மாலையே தமிழரசு ஒரு படம் அனுப்பியிருந்தான்: அவனும் ஆனந்தனும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், கீழே, 'ஞாயித்துக்கிழமை குளத்துல பாக்கலாம்' என்று எழுதியிருந்தது. போதாதா? முனியன் முடிவு கட்டிவிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். ஆனால் பொறாமைக்குக் கண் நான்கு, காது நான்கு. வாய் மட்டும் கிடையாது.

ஆவடியில் டில்லிபாபுவின் தூண்டில் கடை, முழங்கை அகலத்தில் ஒரு சந்துக் கடை. சுவரெல்லாம் ராடுகள் மூங்கில் புதர்போலச் சாய்ந்திருக்கும். ஆனந்தன் உள்ளே நுழைந்ததும் செல்போனை எடுத்தான்.

"தமிழு ஒரு லிஸ்ட்டு அனுப்பினாரு. அது கெடக்கட்டும், நீ சொல்லு," என்று கொடுத்தான்.

முனியன் படித்தான். ஆறரை அடி கெட்டி ராடு, நுனி மட்டும் வளைவது. கனமான ரீல். ஐம்பது பவுண்டு தாங்கும் பின்னல் நூல். கொக்கி முதுகோடு படிந்த ரப்பர் தவளை, களையில் மாட்டாதது. கடைசி வரி: தவளையின் ரப்பர்க் காலை ஒரு விரற்கடை வெட்டிக் குறைக்கவும்.

அந்தக் கடைசி வரியில் முனியனின் கண் நிலைகுத்தியது. கால் நீண்டிருந்தால் விரால் காலை மட்டும் கவ்விவிட்டுத் தப்பிவிடும் என்பதை அவன் இரண்டு மழைக்காலம் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தவன். ஆனந்தனைத் தவிர யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இதுவுமா அவனுக்குத் தெரியும்? பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை. முனியனே எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பான். அதுதான் அவனை எரித்தது. 'அவன் சொன்னதையே நானும் சொன்னால், நான் எதற்கு?'

"இதெல்லாம் வோணாம்," என்றான். கை தானாக வேறு பக்கம் நீண்டது. ஏழடி நீளம், நாணல்போலத் துவளும் மெல்லிய ராடு. கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் ஏற்றது. கண்ணாடிபோல் மின்னும் மெல்லிய நைலான் நரம்பு. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன ரீல். வயிற்றில் மும்முனைக் கொக்கிகள் தொங்கும் வெள்ளிநிற மீன் பொம்மை.

டில்லிபாபு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். "அண்ணாத்தே, நீயா சொல்ற இத்த? விராலுக்கா? களைல உட்டா நூலும் வராது, கொக்கியும் வராது."

"களை எங்க கீது? போன வாரம் போய்ப் பாத்தேன். மொத்தத்தையும் அள்ளிட்டாங்கோ. பளிங்கு மாதிரி தண்ணி. தண்ணி தெளிஞ்சா தடி நூலப் பாத்து மீனு ஓடிடும்," என்றான் முனியன். போன வாரம் போய்ப் பார்த்தது உண்மை. குளத்தில் முக்கால் பாகம் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது என்பதுதான் உண்மை.

"முனியன் சொன்னா சர்தாம்பா. கட்டு," என்றான் ஆனந்தன். பட்டியலை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு கதை உண்டு. ஒரு குளத்தில் கொக்கும் நீர்க்காகமும் நட்பாக இருந்தன. நீர்க்காகம் முங்கி முங்கி மீன் பிடிப்பதைக் கொக்கினால் பொறுக்க முடியவில்லை. "நண்பா, நீ கரையேறி இறகை உலர்த்துவதால்தான் இன்னும் ஆழம் போக முடியவில்லை, ஈரத்தோடே இரு" என்று ஓதியது. நீர்க்காகம் நம்பியது. நான்காம் நாள் வேடன் வந்தான். வழக்கமாக முதலில் கண்டு, பறந்து குரல் கொடுப்பது நீர்க்காகம்தான். அன்று இறகு ஊறிப்போய் அதனால் எழ முடியவில்லை. குரல் வராததால் கொக்கும் தலை நிமிரவில்லை. வேடன் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு போனான்.

சனிக்கிழமை மாலை ஆனந்தன் முனியன் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். கையில் ஒரு அட்டை. "இந்தா, நம்ம நெம்பரு. காலையில ஆறு மணிக்கு ரெடியா இரு."

முனியன் அட்டையை வாங்கினான். ஜோடி எண் ஒன்பது. ஆனந்தன், முனியன்.

"நானா?" என்றான். "தமிழு?"

"அவரு சம்சாரத்தோட வர்றாரு. சுரேகான்னு, அவங்களும் தூண்டில் போடுவாங்களாம். இன்னா மச்சான் கேள்வி இது? உன்ன உட்டுட்டு நான் எவங்கூட நிக்கப்போறேன்?"

முனியனின் காதில் ஏதோ ஒன்று லேத் சக்கரம்போலச் சுழன்றது. "அப்போ... என் ராடையே எடுத்துகினு போலாமே," என்றான் மெல்ல.

"நல்லாக் கீதே! நீ பொறுக்கி எடுத்த ராடு, ஊட்டுக்காரி பூசை போட்டு, எலுமிச்சம்பழம் வெச்சி, சந்தனம் குங்குமம் இட்டுட்டா. இத்த உட்டுட்டு அத்த எடுத்தா குலதெய்வம் கண்ணக் குத்தும். நூலு கீலு ஒன்னியும் தொடக்கூடாதுனு கண்டிசனா சொல்லிட்டா."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். முனியன் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது தன் பழைய டப்பாவிலிருந்த பின்னல் நூல் உருளையைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான், அவ்வளவுதான்.

குளக்கரையில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள் நின்றன. ஆகாயத்தாமரை ஊதாப் பூ பூத்து, தண்ணீர் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. புடவை கட்டிய அம்மனைப் போலச் சந்தனமும் குங்குமமுமாக இருந்த ராடைப் பிடித்துக்கொண்டு ஆனந்தன் விழித்தான்.

"களை அள்ளிட்டாங்கனு சொன்ன?"

"மறுபடி... மண்டிக்கிச்சி போல."

"ஆமா ஆமா. ஆகாயத்தாமரை ஆச்சே, பாத்துகினு இருக்கும்போதே வளர்ற சனியன்," என்று ஆனந்தனே அவனுக்காகச் சமாதானமும் சொல்லிக்கொண்டான். நாலு வசவு வைதிருந்தால்கூட முனியனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

முதல் அரை மணி ஆனந்தன் வீசினான். ஒவ்வொரு வீச்சுக்கும் மும்முனைக் கொக்கி ஒரு கொத்து வேரைப் பிடுங்கி வந்தது. பக்கத்து ஜோடிக்காரன், "இன்னா தலைவா, குளத்தத் தூர் வார்றியா? பஞ்சாயத்துல கூலி குடுப்பாங்கோ!" என்று சிரித்தான். ஆனந்தனும் சேர்ந்து சிரித்தான்.

தமிழரசு அந்த வழியாக வந்தவன், ராடைப் பார்த்து நின்றான். "அண்ணே, இது... இந்தக் களையில கஷ்டமாச்சே. யார் எடுத்தது?"

"முனியன்தான். அவன் எடுத்தா அதுல ஒரு கணக்கு இருக்கும். உனக்கும் எனக்கும் அது புரியாது தமிழு, நீ போய் வேலையப் பாரு," என்றான் ஆனந்தன். எட்டு மாதமாக முனியன் கேட்க ஏங்கிய சொல் அது. இந்த இடத்திலா வந்து விழ வேண்டும்!

இரண்டாம் அரை மணி முனியனுடையது. தட்டு அகலத்துக்கு ஓரிடத்தில் தண்ணீர் தெரிந்தது. அங்கே வெள்ளி மீனை இறக்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தண்ணீர் வெடித்தது. மோட்டார் பம்பின் குழாய் பிடுங்கிக்கொண்டதைப் போல ஓர் ஓசை. ராடு வில்லாக வளைந்து கைப்பிடி வரை துவண்டது. தன் பழைய ராடாக இருந்திருந்தால் ஒரே இழுப்பில் தலையைத் தூக்கிக் களைமேல் சறுக்கிக் கொண்டுவந்திருப்பான். இந்த நாணலுக்கு அந்த எலும்பு இல்லை. மீன் நிதானமாக வேர்களுக்கு அடியில் புகுந்தது. டிங் என்று சின்னதாக ஒரு சத்தம். நைலான் நரம்பு காற்றில் முடிபோல் மிதந்தது.

"அப்பப்பா, இன்னா சைஸு! உடு மச்சான், நேரம் செரியில்ல," என்றான் ஆனந்தன், தோளைத் தட்டி. முனியன் அந்தத் தோளைக் குறுக்கிக்கொண்டான். பைக்குள் இருந்த நூல் உருளை தொடையில் குத்தியது.

போட்டி முடிய இருபது நிமிடம் இருக்கும்போது எதிர்க்கரையில் கூச்சல் எழுந்தது. தமிழரசின் மனைவி சுரேகா ராடை இடுப்பில் ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நின்றாள். தமிழரசு வலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கியிருந்தான். களையெல்லாம் பிய்த்துக்கொண்டு ஒரு விரால் கரையேறியது. எல்லோரும் தராசு இருக்கும் இடத்துக்கு ஓடினார்கள்.

வரலட்சுமி ஈரக் கோணியில் மீனைக் கிடத்தி வாயைத் திறந்தார். ஒரு பக்கம் சுரேகாவின் ரப்பர் தவளை. மறுபக்கம், தாடையில் தைத்தபடி ஒரு வெள்ளி மீன் பொம்மை; அதிலிருந்து சாண் நீளத்துக்கு நைலான் நரம்பு.

"அடங்கொப்புறானே!" என்றார் வரலட்சுமி. நரம்பை விரலில் சுற்றி உயரத் தூக்கிக் காட்டினார். "எவன்டா இவன்? பூக் கட்டற நூல எடுத்துகினு விராலு புடிக்க வந்த மவராசன்? வாயில முள்ளோட இது செத்துப்போயிருந்தா, உன் அப்பனா வந்து குட்த்திருப்பான்?"

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. முனியன் தரையைப் பார்த்தான்.

"எங்களுதுதான்க்கா," என்று முன்னால் வந்தான் ஆனந்தன். "நான்தான் வாங்கினேன். முனியன் அப்பவே வோணாம்னு தலபாடா அட்ச்சிகினான். பளபளன்னு கீதேன்னு நான்தான் கேக்கல."

தமிழரசைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. முனியனின் பெயர் அப்படியே, கறை படாமல், கூட்டத்தின் நடுவே நின்றது. இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

"பொய் சொல்றான்க்கா," என்றான் முனியன். "நான்தான் எடுத்துக் குட்த்தேன். களை கீதுனு தெரியும். அறுந்துடும்னு தெரியும். தெரிஞ்சேதான் குட்த்தேன்."

சிரிப்பு அடங்கியது. "இன்னாத்துக்குடா?" என்று கேட்டார் வரலட்சுமி.

முனியன் தமிழரசைப் பார்த்தான். "அவரு ஒரு லிஸ்ட்டு குட்த்தாரு. ஒரு தப்பு இல்ல அதுல. அதான்."

தமிழரசு மண்டியிட்டு, குறடால் வெள்ளி மீனைப் பதமாகக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிராமலே, "அந்த லிஸ்ட் உங்களுதுதானே அண்ணே," என்றான். "எட்டு மாசமா உங்க பக்கத்துல நின்னு, நீங்க என்ன போடறீங்கனு பாத்துப் பாத்து எழுதி வெச்சது. தவளைக் காலை வெட்டறதுகூட. நான் கேட்டா நீங்க பேசமாட்டேங்கறீங்க. அதனாலதான் ஆனந்தன் அண்ணன்கிட்டப் பேசிட்டிருந்தேன்."

கழற்றிய பொம்மையை அவன் முனியனின் உள்ளங்கையில் வைத்தான். அதில் இன்னும் மீனின் ரத்தம் ஒரு சொட்டு இருந்தது. சுரேகா எடை போட்ட விராலைத் தண்ணீரில் இறக்கினாள். அது ஒரு கணம் நின்று, வாலை அசைத்து, தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று.

பரிசு கொடுத்து முடித்துக் கூட்டம் கலைந்தது. ஆனந்தன் பைக் அருகே கல்லில் உட்கார்ந்திருந்தான். முனியன் சற்றுத் தள்ளி நின்றான். எப்போதும் இந்த நேரத்தில் இருவரில் ஒருவன் டீ என்று சொல்லியிருப்பான்.

"விராலு பசிக்குக் கடிக்கிறதில்லன்னு நீதான சொன்ன," என்றான் ஆனந்தன் கடைசியில். "வாரா வாரம் சொன்ன. நானும் மண்டைய ஆட்டிகினே இருந்தேன்."

"மச்சான்..."

"பேசாத. பூசை போட்டது ஊட்டுக்காரி. அவளுக்கு இன்னா சொல்றதுன்னு யோசிச்சிகினு கீறேன்."

ஆனந்தன் எழுந்து, ராடிலிருந்து அறுந்த நைலானை முழுக்க உருவிச் சுருட்டித் தூர எறிந்தான்.

"காலையிலேர்ந்து உன் ஜோப்பு பொடச்சிகினு கீது. இன்னா அது?"

முனியன் நூல் உருளையை வெளியே எடுத்தான். அதைப் பார்த்த ஆனந்தனின் முகம் ஒருமுறை சுருங்கியது. பிறகு அவனே உருளையைப் பிடுங்கி, அதன் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். பின்னல் நூலை ரீலில் ஏற்ற எப்போதும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவன் சுற்றுவான், மற்றவன் உருளையை விட்டுக் கொடுக்காமல் பிடிப்பான். பிடி தளர்ந்தால் நூல் உள்ளே தொளதொளத்து, பெரிய மீன் வரும் நாளில் சிக்கிக்கொள்ளும்.

"சுத்து," என்றான் ஆனந்தன். "இந்தச் சின்ன ரீலு இத்தத் தாங்காதுனு எனக்கே தெரியுது. இருந்தாலும் சுத்து. நான் பாக்கணும்."

முனியன் கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கினான். ஆனந்தன் முகத்தைத் திருப்பிக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடியை மட்டும் தளர்த்தவில்லை.